மூன்றாவது சிலிண்டர்

ஜனவரி 20, செவ்வாய்

பனி. கடம்பத்தூரில் ரயில் அரை மணி தாமதம். எதிர் பிளாட்பாரம் கண்ணுக்கே தெரியவில்லை. திருவள்ளூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துக் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வாசலுக்கு வரும்போது 9.20. பட்டறை பாஸ்கர் அண்ணனுடையது. கடிகாரத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தார்.

ரகு சாரின் சிவப்பு வண்டி மறுபடி வந்து நிற்கிறது. நவம்பரில் இன்ஜினை முழுக்கப் பிரித்து, புது பிஸ்டன், புது ரிங் போட்டு நான் பூட்டிக் கொடுத்த வண்டி. புகார்: நீலப் புகை, ஆயில் குடிக்கிறது.

கேட்டு எழுதிக்கொண்டது:
காலையில் ஸ்டார்ட் செய்தால் புகை இல்லை.
நேர் ரோட்டில் மிதித்தால் இல்லை.
வேகமாகப் போய், காலை எடுத்து, மறுபடி மிதிக்கும்போது பின்னால் ஒரு கொத்துப் புகை.
ரோட்டில் 300 கி.மீ.க்கு ஒரு லி. காலி. டிராக்கில் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

வரும் சனிக்கிழமை டிராக் டே. சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் பணம் கட்டி ஒரு நாள் முழுக்க ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்ப்பார்கள். போட்டி இல்லை, பரிசு இல்லை. ஆனாலும் ரகு சார் அதற்காகவே உயிரோடு இருப்பதுபோல் பேசுகிறார்.

பெரியபாளையம் பக்கத்து ஆரணிக்காரர். அவர் வீட்டு நிலத்தில்தான் அம்மா நாற்று நட்டது. அவருடைய அப்பாவை அம்மா "ஆண்டே" என்றுதான் கூப்பிடும். இதெல்லாம் அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். நிலத்தில் பாதி கம்பெனிகளுக்குப் போய், அதில் வந்ததுதான் இந்த வண்டி. என்னை லில்லி என்பார், நீ என்பார். கெட்டவர் இல்லை.

தக்காளி, தேங்காய், வீட்டுக்காரர் டேனியலுக்கு இருமல் மருந்து வாங்க மறந்தேன்.


ஜனவரி 21, புதன்

இன்றும் பனி. பத்து மணிக்குமேல் வெயில்.

காலை முழுக்கக் கம்ப்ரஷன் டெஸ்ட், சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று. நான்கு சிலிண்டரும் சமம், ஒன்றிலும் குறை இல்லை. அப்படியென்றால் ரிங் சரி என்றுதான் யாரும் சொல்வார்கள். நானும் சொன்னேன்.

ஆனால் பிளக்குகளைக் கழற்றியபோது 1, 2, 4 காய்ந்து பழுப்பாக இருந்தன. 3 மட்டும் ஈரம். விரலில் ஆயில் ஒட்டியது.

அண்ணனிடம் காட்டினேன். வால்வு சீலாக இருக்கும், சனிக்கிழமை முடியட்டும், அப்புறம் ஹெட்டைக் கழற்றலாம் என்றார். வால்வு சீல் போயிருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே புகைக்குமே என்றேன். "புது ரிங்கு லில்லி, இன்னும் செட்டாவல. ஓட ஓட நின்னுடும். சார்கிட்ட அத்தயே சொல்லு" என்றார்.

புது ரிங் செட் ஆக இரண்டு மாதம் ஆகாது. அது அவருக்கும் தெரியும். ரகு சாரின் கார் நண்பர்கள் எட்டு பேர் கொண்ட ஒரு கூட்டம்; அவர் சொன்னால்தான் மற்ற ஏழு பேரும் இங்கே வருவார்கள். அண்ணனின் கவலை அது.

பிளக்கில் இருந்த நம்பரைப் படிக்க வாசல் வெளிச்சத்துக்குப் போய்க் கையை நீட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. அக்டோபரில் சர்ச்சில் நடந்த கண் முகாமில் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். சீட்டு இன்னும் பைபிளுக்குள் இருக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் பட்டறையில் இன்ஜின் பூட்டுவது நான் ஒருத்தி. கார் கம்பெனி லைனில் பதினோரு வருஷம் கான்ட்ராக்டில் நின்று கற்றது. லில்லிக்குக் கண் போச்சு என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும்.


ஜனவரி 22, வியாழன்

மேகம். மழை இல்லை.

ரகு சாரை ஓட்டச் சொல்லி, அண்ணன் வண்டியில் பின்னாலேயே போனோம். நான் புகையை மட்டும் பார்த்தேன். ரயில்வே கேட் தாண்டி, ஒரு வளைவில் காலை எடுத்து மிதித்தார். நீலம். எதிரே சைக்கிளில் வந்தவர் முந்தானையைப் போலத் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார்.

நிறுத்தியதும் ரகு சார் கேட்டது என்னை. அண்ணனைக் கேட்கவில்லை.

"லில்லி, சனிக்கிழம எடுத்துக்கினு போலாமா? நீ சொன்னா செரி."

ஓட ஓட நின்றுவிடும் சார் என்றேன். ஆயில் அளவை மட்டும் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பார்க்க வேண்டும், நான் கூட வருகிறேன் என்றும் சொன்னேன். இரண்டாவது பாதியாவது உண்மை.

அவர் முகம் தெளிந்துவிட்டது. போகும்போது கை காட்டிவிட்டுப் போனார்.

மதியம் சாப்பிடவில்லை.


ஜனவரி 23, வெள்ளி

நாளைக்கு எடுக்க வேண்டியவை: ஜாக், ஸ்டாண்டு 4, டார்க் ரெஞ்ச், பழைய துணி, புனல், ஆயில் 4 லி., தண்ணீர் கேன், தொப்பி. எல்லாம் வேனில் ஏற்றியாயிற்று.

4 லி. போதுமா என்று கேட்டேன். டிராக்கில் எங்கேயும் வாங்க முடியாது. அந்த இன்ஜினுக்கு அந்த ஆயில்தான், பெட்ரோல் பங்கில் கிடைக்கிறதை ஊற்ற முடியாது. ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் குடிக்கிற வண்டி எங்கே இருக்கிறது என்றார் அண்ணன்.

டேனியல் போன். கும்மிடிப்பூண்டி மில்லில் இந்த வாரம் காலை ஷிஃப்ட். ஞாயிறு காலை வீட்டுக்கு வருகிறார். இருமல் குறைந்திருக்கிறது என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமினார்.


ஜனவரி 25, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. இன்று சர்ச்சுக்குப் போகவில்லை. டேனியல் காலை ஏழு மணிக்கு வந்தார். அவரிடம் சொன்னதையே இங்கேயும் வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு மாதிரி ஞாபகம் வர ஆரம்பித்துவிடும்.

காலை 8. வெயில் நன்றாக இருந்தது. பதினாறு வண்டி, இரண்டு குரூப். ஒவ்வொரு குரூப்புக்கும் இருபது நிமிஷம் ஒரு சுற்று, அதற்குள் எத்தனை ரவுண்டு வேண்டுமானாலும்; அப்புறம் இருபது நிமிஷம் ஓய்வு.

பக்கத்து ஷெட்டில் ஒரு வெள்ளை சின்னக் கார். ஓட்டுவது தீபா என்ற பெண். முப்பது வயது இருக்கும். காலேஜில் பிசிக்ஸ் நடத்துகிறாள். முதல் தடவை வருகிறாள். ஹெல்மெட் புதுசு, ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். இன்ஜின் வேலை செய்கிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறாளாம். கிரீஸ் கையோடு என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தாள்.

முதல் சுற்று. ரகு சார் வண்டி புகைத்தது. பெரிய வலது வளைவுக்கு அப்புறம், ஒவ்வொரு ரவுண்டும். வந்து நின்றதும் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்தேன். மேல் கோட்டில் இருந்தது கீழ் கோட்டுக்கு வந்துவிட்டது. ஒரு லிட்டர், இருபது நிமிஷத்தில். ஊற்றினேன்.

அப்போதுதான் தீபா கேட்டாள், அந்தச் சிவப்பு வண்டியிலிருந்து புகை வருகிறதே, பின்னால் போனால் ஒன்றும் இல்லையே என்று. அண்ணன் பக்கத்தில் நின்றார். ரகு சாரும் நின்றார்.

"புது ரிங்கு மேடம். போகப் போக நின்னுடும்" என்றேன்.

இரண்டாவது சுற்று: ஒன்றரை லி. மூன்றாவது சுற்று: மீதி ஒன்றரையும் ஊற்றியாயிற்று. கேன் காலி.

சாப்பாட்டுக்கு அப்புறம் நான்காவது. அது முடிந்ததும் கம்பியை எடுத்தேன். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. புது ஆயில் தண்ணீர் மாதிரி இருக்கும், கம்பியில் எது ஆயில் எது பளபளப்பு என்று தெரியாது. துடைத்து விட்டு மறுபடி எடுத்தேன். பாதிக்கு இருப்பதுபோல் இருந்தது. துடைத்து மூன்றாவது முறை பார்த்திருக்கலாம். அண்ணனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்.

பாதி இருக்கிறது, ஊற்ற ஆயில் இல்லை, இதோடு நிறுத்திக்கொள்ளலாம் சார் என்றேன். கடைசிச் சுற்று, பத்தே நிமிஷம் என்றார் ரகு சார். அண்ணனைப் பார்த்தேன். "பாதி கீது இல்ல. போவட்டும்" என்றார்.

பானட்டை மூடியது நான்.

3.50 இருக்கும். அவர் குரூப்பில் தீபாவும் இருந்தாள். ஆறாவது ரவுண்டில் பெரிய வளைவில் நீலப் புகை இல்லை, வெள்ளையாக ஒரு சுவர் எழுந்தது. அப்புறம் சத்தம். இரும்புத் தட்டில் கல்லைக் கொட்டினாற்போல. இன்ஜின் ஆயில் இல்லாமல் இறுகிப் பிடித்து, உள்ளே பிஸ்டனைத் தாங்கும் ராடு உடைந்து, பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இதெல்லாம் அப்புறம் தெரிந்தது. உள்ளே மிச்சம் இருந்த ஆயில் முழுக்க ரோட்டில்.

பின்னாலேயே வந்த வெள்ளைக் கார் அதன்மேல் ஏறியது. திரும்பவே இல்லை. நேராகப் போய்த் தடுப்பில் மோதியது. டிரைவர் பக்கம்.

ஓடினேன். என்னை அருகில் விடவில்லை. கதவை வெட்டி எடுக்க இருபது நிமிஷம். ஹெல்மெட்டைக் கழற்றும்போது முகம் பார்த்தேன். நினைவு இருந்தது. கத்தவில்லை. யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள், இடம் அடைத்துக்கொண்டு கிடப்பதற்கு.

இடது தொடை எலும்பு, வலது மணிக்கட்டு. பூந்தமல்லி பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. ரகு சாருக்கு ஒரு கீறல்கூட இல்லை. டயர் குவியல்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

டேனியல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சோறு வடித்தார். என்னை வடிக்க விடவில்லை என்று சண்டை. அற்பச் சண்டை.


ஜனவரி 26, திங்கள்

லீவு. எஸ்டேட் வாசலில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்களாம். நான் போகவில்லை.

அண்ணன் போன் செய்தார். டிராக் ஏற்பாட்டாளர்கள் இன்ஜின் ஏன் உடைந்தது என்று எழுத்தில் கேட்கிறார்கள். பிரித்துப் பார்த்து, பூட்டியவர், பட்டறைக்காரர், ஓட்டியவர், மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும். அண்ணன் ஏற்கெனவே ஒரு காரணம் வைத்திருக்கிறார்: ஓட்டியவர் கியரைத் தப்பாகப் போட்டு இன்ஜினை அளவுக்கு மீறிச் சுற்றவிட்டுவிட்டார். ரகு சார் ஒத்துக்கொள்வாரா என்று கேட்டேன். ஓட்டுகிறவனுக்கு அந்த நேரத்தில் என்ன ஞாபகம் இருக்கும் என்றார்.

டேனியல் மாலை ரயிலுக்குக் கிளம்பினார். நாளை ஷிஃப்ட்.


ஜனவரி 27, செவ்வாய்

வெயில். காற்றில் ஃபவுண்டரி வாடை.

இன்ஜினைப் பிரித்தேன். அண்ணன் சென்னைக்குப் போயிருந்தார், தனியாகத்தான். இரண்டாவது சிலிண்டரில் ராடு இரண்டு துண்டு. பிளாக்கில் என் கை நுழையும் ஓட்டை. பேரிங்குகள் நீலம் பாரித்து, தகடாக நசுங்கி. ஆயில் இல்லாமல் ஓடிய இன்ஜின். சந்தேகமே இல்லை. கியரும் இல்லை, மண்ணும் இல்லை.

ஆயில் எங்கே போனது என்பதுதான் கேள்வி. மூன்றாவது பிஸ்டனை உருவினேன். தலை முழுக்கக் கரிக்கட்டி.

பிஸ்டனுக்கு மூன்று ரிங். இரண்டாவது ரிங்கின் வேலை, சுவரில் ஒட்டிய ஆயிலை வழித்துக் கீழே தள்ளுவது. அதன் ஒரு பக்கத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். புள்ளி மேலே பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் அதே ரிங் ஆயிலைக் கீழே தள்ளாமல் மேலே அள்ளிக்கொண்டு போகும். கம்ப்ரஷன் டெஸ்டில் பெரிதாகக் காட்டாது. லைனில் முதல் வாரம் சொல்லிக் கொடுத்த பாடம். எத்தனை பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

செல்போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றில் புள்ளி கீழே.

மற்ற மூன்றையும் பார்த்தேன். சரி. சரி. சரி.

நவம்பர் டைரியைப் புரட்டினேன். அந்தத் தேதியில்: "மழை. கரண்ட் இரண்டு முறை போனது. ரகு சார் வண்டி ரிங் போட்டாயிற்று." அவ்வளவுதான். ஒன்றுமே நடக்காத நாள். அன்று இரண்டாவது ரிங்கின் புள்ளியைக் கண்ணால் பார்க்கவில்லை, நகத்தால் தடவிப் பார்த்துப் போட்டேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நான்கையும் அப்படித்தான். மூன்று தடவை நகம் சரியாகச் சொன்னது.

ரிங்கைக் கழற்றித் திருப்பிப் போட்டால் ஒரு நிமிஷம். யாருக்கும் தெரியாது. கழற்றும் கருவியைக் கையில் எடுக்கவும் செய்தேன். எடுத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. எதிர் கம்பெனியில் டீ மணி அடித்தது.

அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.


ஜனவரி 28, புதன்

அண்ணனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இத்த நீ ஏன் எங்கிட்ட காட்டுன?"

கண்ணாடி விஷயத்தையும் சொன்னேன். அக்டோபரிலிருந்து என்று சொன்னேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, ரிங்கைப் பற்றி மூன்றாவது ஆளுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை என்றார். கியர் என்றே எழுதலாம். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் முகம் கேட்டது.

டேனியலுக்குப் போன். அவர் மில்லில் போன வருஷம் ஒருவருக்குக் கை போனது. அப்போது நடந்ததைச் சொன்னார். கிரேன் பழுது, சூப்பர்வைசர் அவசரம், எல்லாம் இருந்தும், என் கவனக்குறைவும் உண்டு என்று ஒரு தொழிலாளி எழுதிக் கொடுத்தாராம். அந்த ஒரு தாளைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

"எழுதாத லில்லி. எழுதுனா உன் பேரு ஒண்ணுதான் நிக்கும்."

அவர் சொல்வது சரி. ஆனால் நான் எழுத நினைப்பது நல்லவள் என்று காட்டிக்கொள்ள இல்லை. தூங்க வேண்டும். பயம்தான்.

ஸ்டேஷன் ரோடு கடையில் கண்ணாடிக்குக் கொடுத்தேன். நாளை தருவார்கள்.


ஜனவரி 29, வியாழன்

கண்ணாடி வந்தது. போட்டதும் முதலில் தெரிந்தது என் கை. நகக்கண் எல்லாம் கறுப்பு. இவ்வளவு நாள் சுத்தமாகத்தான் கழுவுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் எழுதினேன், ஒரு பக்கம். மூன்றாவது சிலிண்டர் இரண்டாவது ரிங் தலைகீழ், பூட்டியது நான். நாள் முழுக்க ஆயில் குறைந்தது எங்களுக்குத் தெரியும். கடைசிச் சுற்றுக்கு முன் ஊற்ற ஆயில் இல்லை. அளவு பாதி என்று சொன்னேன், அது உறுதி இல்லை. பட்டறைக்காரர் போகச் சொன்னார். எல்லாம் எழுதினேன்.

அண்ணன் படித்துவிட்டு, கடைசி நான்கு வரியை எடுத்துவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். ரிங் வரைக்கும் போதுமாம். எடுக்க மாட்டேன் என்றேன். தாளை என் பக்கமே தள்ளினார். போய் சாரிடம் கையெழுத்து வாங்கு என்றார்.

பெரியபாளையம் பஸ், அங்கிருந்து ஆரணி. இருபது வருஷம் ஆகியிருக்கும் நான் அந்தத் தெருவுக்குப் போய். வாசல் கேட்டில் நின்று கூப்பிட்டேன். ரகு சாரே வந்தார். உள்ளே வா என்றார், நாற்காலி காட்டினார். உட்கார்ந்தேன். அம்மா அந்த வீட்டின் பின்வாசலைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

ரிங்கைப் பற்றிச் சொன்னேன். புள்ளியின் போட்டோவைக் காட்டினேன். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தேன். நிமிர்ந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை.

"அப்ப என்னால இல்ல. அஞ்சு நாளா செத்துக்கினு இருக்கறேன் லில்லி. லைட்டு எரிஞ்சுது. ஆயில் லைட்டு. வளைவுல எரியுது, நேரா வந்தா அணஞ்சுடுது. மூணு ரவுண்டு பாத்தேன். ஒண்ணும் ஆவாதுன்னு ஓட்டிட்டேன்."

அதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் சார் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரிங் சரியாக இருந்திருந்தால் லைட்டே எரிந்திருக்காதே என்றார். நிதானமாக, எனக்குக் கணக்குச் சொல்லித் தருவதுபோலச் சொன்னார். நைனாவுக்கு உடம்பு சரியில்லை, இந்த நேரத்தில் போலீஸ் கீலீஸ் என்று வந்தால் தாங்க மாட்டார் என்றும் சொன்னார். காபி வந்தது. குடித்தேன்.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். முகம் போன வியாழக்கிழமை தெளிந்ததே, அதே மாதிரி தெளிந்திருந்தது. உன் நேர்மை யாருக்கு வரும் என்றார்.


ஜனவரி 30, வெள்ளி

தாளைக் கொடுத்தாயிற்று. என் கையெழுத்து மட்டும். ஏற்பாட்டாளர்களின் ஆபீஸில் இருந்தவர் படித்துவிட்டு, மற்ற இரண்டு பேர் எங்கே என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படியென்றால் மற்றவர்களைப் பற்றிய பகுதியை எடுத்துக்கொள்ள முடியாது, உங்களைப் பற்றியதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மாலை டிராக் டேக்கு வந்தவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போய்விட்டது. அண்ணன் காட்டவில்லை, நானே அவர் போனில் பார்த்தேன். "மெக்கானிக்கின் தவறு. ஒத்துக்கொண்டுவிட்டார்." கீழே கும்பிடும் கைகள், ஆறு.

அண்ணன் என்னை இன்ஜினில் கை வைக்க வேண்டாம் என்றிருக்கிறார். கொஞ்ச நாளைக்கு. பில் போடுவது, பார்ட்ஸ் எடுத்துக் கொடுப்பது.


பிப்ரவரி 1, ஞாயிறு

டேனியல் வரவில்லை. ஓவர்டைம்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்றாவது மாடி. வாசலில் நின்று திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை. தீபாவின் அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். தீபா தனியாக இருந்தாள். தொடைக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். வலது கையில் கட்டு. போட்டோ எடுத்த அன்றைக்குக் குண்டாகத் தெரிந்த முகம் இப்போது வற்றியிருந்தது.

நான் பேச ஆரம்பிப்பதற்குள், எல்லாம் தெரியும், குரூப்பில் படித்தேன் என்றாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கு ரிங்கு பத்தி தெரியாது. புகைய பார்த்ததும் தள்ளிப் போயிடலாம்னுதான் தோணுச்சு. நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. போகப் போக நின்னுடும்னு. ஒரு லேடி, இன்ஜின் செஞ்சவங்க, அவங்களுக்குத் தெரியாதான்னு பின்னாடியே போனேன்."

இதை நான் தாளில் எழுதவில்லை. ரிங்கை எழுதினேன், ஆயில் கம்பியை எழுதினேன், இதை மட்டும் விட்டுவிட்டேன். மறைக்கவில்லை. ஞாபகமே வரவில்லை. அதுதான் என்னை இப்போது நிறுத்தி நிறுத்தி எழுத வைக்கிறது.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டு அவள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவளுக்கு ஏன் அந்த வேலை.

தீபாவின் அம்மா வந்துவிட்டார். நான் யார் என்று கேட்டார். டிராக்கில் பார்த்தவங்க என்று மட்டும் தீபா சொன்னாள். வாங்கிப் போன சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்தேன்.


பிப்ரவரி 4, புதன்

பனி குறைந்துவிட்டது. காலையிலேயே சுட ஆரம்பிக்கிறது.

பில் 7. பார்ட்ஸ் லிஸ்ட். அண்ணன் செங்கல்பட்டிலிருந்து ஒருவரைப் பேசி வைத்திருக்கிறார், திங்கள் முதல் வருகிறார். கொஞ்ச நாளைக்கு என்ற பேச்சு இப்போது இல்லை. என் டூல் பெட்டியை அவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். பெட்டி என் சொந்தம் என்றேன். ஞாபகம் இல்லை என்றார்.

ரகு சார் வேறு இன்ஜின் தேடுகிறாராம்.

மதியம் ஒரு மெசேஜ், தெரியாத நம்பர். தீபா. "கோபம் போகலை. ஆனா சாயங்காலம் வர முடியுமா. அம்மாவுக்கு முதுகு பிடிச்சுடுச்சு." குரூப்பிலிருந்து யாரும் வருவதில்லை என்று அதற்குக் கீழே.

மூன்று மணிக்கே கிளம்புகிறேன் என்றேன். அண்ணன் தலையாட்டினார்.

போனேன். எழுந்து நிற்கப் பழக்குகிறார்கள். வாக்கர் பிடிக்க வலது கை இல்லாததால் ஒருவர் அந்தப் பக்கம் தோள் கொடுக்க வேண்டும். பயிற்சி கொடுக்கிற பெண் இடது பக்கம், நான் வலது பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று என்று தூக்கினோம். தீபாவின் முழங்கை என் கழுத்தைச் சுற்றி இறுகியது. முழுப் பாரமும் என்மேல்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அவளே எண்ணினாள். ஒன்பதுவரை வந்தாள். பத்து என்று சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். வியர்வையைத் துடைத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாளை பதினொரு மணிக்கு மறுபடி. வாங்க என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

நாளை வேலை நாள்.